சந்தா கட்ட வைப்பது எது? ஓடிடி தளங்களும் ரியாலிட்டி நிகழ்ச்சிகளும்

கணக்கர் வீட்டுப் பேரன் (காரைக்குடி) தொடங்கிய விவாதம்

சென்ற மாதம், முன்னோரை நினைத்துப் படையலிடும் படைப்புக்காகக் கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பெரிய வீட்டில் ஏழு புள்ளிகளும் கூடியிருந்தோம். திருமணமாகித் தனி அடுப்பு வைத்த ஒவ்வொரு குடும்பமும் நகரத்தாராகிய எங்களிடம் ஒரு புள்ளி என்பதையும், கோயில் வரியைக்கூடப் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் எழுதுவோம் என்பதையும் வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். சாப்பாடு முடிந்து பட்டாலையில், அதாவது கூடத்தில், உட்கார்ந்திருந்தபோது, எந்தப் புள்ளி எந்த ஓடிடி தளத்துக்குப் பணம் கட்டுகிறது, எதைப் பார்ப்பதற்காக முதன்முதலில் கட்டியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். ஏழில் நான்கு புள்ளிகள் எந்தப் படத்துக்காகவும் சேரவில்லை, எந்தத் தொடருக்காகவும் சேரவில்லை.

ஆத்தாவின் சந்தா பிக் பாஸுக்காக எடுத்தது. தம்பி மகன் நெட்ஃபிளிக்ஸில் 2019 முதல் வந்துகொண்டிருக்கும் ஃபார்முலா 1 கார்ப் பந்தய ஓட்டுநர்களின் நிகழ்ச்சிக்காகச் சேர்ந்தான். அதற்கு முன் அவன் ஒரு பந்தயத்தையும் பார்த்தவன் இல்லை. ஆச்சி, அதாவது என் தமக்கை, 2024-இல் சோனி லிவ் தமிழில் கொண்டுவந்த மாஸ்டர்செஃப் சமையல் போட்டிக்காகவும், அம்மான் மகன் அதே தளத்தில், தொழில் முனைவோர் முதலீடு கேட்டு வரும் ஷார்க் டேங்க் இந்தியாவுக்காகவும் கட்டியிருக்கிறார்கள். ஓர் எழுத்தாளர் உட்கார்ந்து கதை வசனம் எழுதாத நிகழ்ச்சிகள் இவை நான்கும்.

நிறுவனங்கள் இதை ஏன் விரும்புகின்றன என்பதை எங்கள் வீட்டுப் பழைய பேரேட்டைப் பார்ப்பதுபோல் வரவு செலவாகப் பார்க்க முயன்றேன். செலவுப் பக்கத்தில், பெரிய நடிகரின் சம்பளம் இல்லை. படப்பிடிப்பு நாள்கள் குறைவு. நிகழ்ச்சியின் வடிவமும் பெரும்பாலும் வேறு நாட்டில் ஓடிச் சோதிக்கப்பட்டதாகவே இருக்கிறது. பிக் பாஸின் மூல வடிவம் 1999-இல் நெதர்லாந்தில் தொடங்கிய பிக் பிரதர். ஷார்க் டேங்கின் மூல வடிவம் 2001-இல் ஜப்பானில் வந்தது. ஓடிய சரக்கின் உரிமையை வாங்கி உள்ளூர் மனிதர்களை வைத்து எடுப்பதில், புதிதாக எழுதிய ஒரு தொடரில் இருக்கும் அளவுக்கு நட்ட பயம் இல்லை.

வரவுப் பக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு படத்துக்காக வருபவர் ஒரு மாதம் கட்டி, அதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். நூறு நாள் நிகழ்ச்சிக்காக வருபவர் மாதச் சந்தாவில் நான்கு முறை கட்டியாக வேண்டும். அதுவும், யார் வெளியேறினார் என்பது மறுநாள் காலை கடைத்தெருவில் பேச்சாகிவிடுவதால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவரால் தள்ளிப்போட முடியாது. படம் பெட்டகத்தில் வைத்த பாத்திரம் போல என்றைக்கும் இருக்கும். இந்த நிகழ்ச்சிகள் காலையில் கறந்த பால் போன்றவை, அன்றைக்கே செலவாக வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2022-இன் முதல் மூன்று மாதங்களில் 2 லட்சம் சந்தாதாரர்களையும் அடுத்த மூன்று மாதங்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேரையும் இழந்தது. ஆளைச் சேர்ப்பதைவிடச் சேர்ந்த ஆளைத் தங்க வைப்பதுதான் இந்தத் தொழிலில் கடினம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ரியாலிட்டி நிகழ்ச்சி அந்தக் கடினமான வேலைக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். இத்தொழிலை அருகிலிருந்து பார்த்தவர்கள் இங்கே இருப்பதால், நான் தவறியிருந்தால் திருத்துங்கள்.

கேபிள்காரர் (தேவகோட்டை)

அண்ணன் எழுதியதை என் தொழிலிலிருந்து உறுதிப்படுத்துகிறேன். ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரில் கேபிள் இணைப்புக் கொடுத்து வருகிறேன். 2017 ஜூனில் விஜய் தொலைக்காட்சியில் பிக் பாஸ் தொடங்கியபோது அது என் தொழிலுக்கு வலு சேர்த்தது. இரவில் அந்த நேரத்தில் இணைப்பு அறுந்தால் பத்து வீட்டிலிருந்து அழைப்பு வரும், அதற்குப் பயந்தே பழுதைப் பகலில் பார்த்து வைத்துவிடுவேன். 2022 ஜனவரி 30 அன்று பிக் பாஸ் அல்டிமேட் என்ற பெயரில் ஹாட்ஸ்டார் தளத்துக்கென்றே ஒன்றைத் தொடங்கி, 70 நாள், இரவும் பகலும் இடைவிடாமல் காட்டினார்கள். அப்போதுதான் முதன்முறையாக, உங்கள் பெட்டியில் இது வருமா என்று கேட்ட வாடிக்கையாளரிடம் வராது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஆறாவது பருவத்தில், தொலைக்காட்சியில் ஒரு மணி நேரத் தொகுப்பும் தளத்தில் 24 மணி நேரமும் என்று பிரித்துவிட்டார்கள். என் பெட்டியில் வரும் ஒரு மணி நேரம், பலகாரக் கடையில் வாயில் போட்டுப் பார்க்கக் கொடுக்கும் ஒரு விள்ளல் போல ஆகிவிட்டது. கூடை வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும்.

வாக்களிப்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொடக்கத்தில் கூகுளில் தேடியும் மிஸ்டு கால் கொடுத்தும் வாக்களித்தார்கள். பின்னர் அது ஹாட்ஸ்டார் செயலிக்குள் போனது. செயலியை இறக்கி, கைபேசி எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்த பிறகே வாக்கு. பணம் கட்டாதவரும் அந்த இடத்திலேயே தளத்தின் ஏட்டில் ஏறிவிடுகிறார். என்னிடம் இருந்தது வீட்டு முகவரி மட்டும். வீட்டில் யார் எதை எத்தனை மணிக்குப் பார்க்கிறார் என்பது அவர்களிடம் இருக்கிறது.

மாறுபடும் இடம் இது. எழுதப்படாத நிகழ்ச்சி என்றால் முதலில் வைக்க வேண்டியது கிரிக்கெட்டை. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஆட்டங்களின் இந்திய டிஜிட்டல் உரிமையை வயாகாம்18 நிறுவனம் 23,758 கோடி ரூபாய்க்கு எடுத்து, முதல் ஆண்டில் ஜியோ சினிமாவில் இலவசமாகவே காட்டியது. உரிமையை இழந்த ஹாட்ஸ்டாருக்கு 2022 அக்டோபரில் 6.13 கோடிச் சந்தாதாரர்கள். 2023 ஜூலையில் 4.04 கோடி. பிக் பாஸ் அந்தத் தளத்திலேயேதான் இருந்தது. அது இருந்தும் இரண்டு கோடிக்கு மேல் போய்விட்டார்கள் என்றால், ஆளைக் கட்டி வைக்கும் வலிமையில் இரண்டும் ஒன்றல்ல.

ஆய்வு மாணவி (காரைக்குடி)

அண்ணன் இருவரும் எழுதுவதைப் பார்த்தால் கதைக்கு இனி இடமே இல்லை என்று தோன்றிவிடும். நான் அப்படி நினைக்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2023 டிசம்பரில், அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில் எதை எத்தனை மணி நேரம் மக்கள் பார்த்தார்கள் என்று 18,000-க்கும் மேற்பட்ட தலைப்புகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் முதலிடத்தில், 81 கோடி மணி நேரத்துடன் நின்றது எழுதப்பட்ட தொடர்தான். 2021-இல் ஸ்க்விட் கேம் என்ற கொரியத் தொடர் உலகெங்கும் ஓடியதால்தான், 2023 நவம்பரில் அதே விளையாட்டுகளை 456 உண்மையான போட்டியாளர்களை வைத்து 45.6 லட்சம் டாலர் பரிசுடன் ரியாலிட்டியாக எடுக்க முடிந்தது. கதை முதலில் வந்து நிலத்தைப் பண்படுத்தியது; ரியாலிட்டி அதில் இரண்டாம் போகம் விளைந்தது. எங்கள் விடுதியில் ரியாலிட்டி நிகழ்ச்சிக்காகச் சேர்ந்தவர்கள், அது முடிந்த வாரமே சந்தாவை நிறுத்திவிடுவதைப் பார்க்கிறேன். அது கொண்டுவந்து சேர்க்கிறது, தங்க வைப்பதில்லை என்றே நான் சொல்வேன்.

கணக்கர் வீட்டுப் பேரன்

தங்கை சொல்வதில் ஒன்றை உடனே ஒப்புக்கொள்கிறேன். நான்கு மாதம் கட்ட வைப்பதை நான் தங்க வைப்பது என்று எழுதிவிட்டேன். அது வாடகைக்கு இருப்பதே தவிர வீடு கட்டிக் குடியேறுவதாகாது. ஆனால் அந்தப் பட்டியல் பார்த்த மணி நேரத்தைக் காட்டுகிறது, நுழைந்த காரணத்தைக் காட்டவில்லை. என் ஆத்தா பிக் பாஸுக்காகச் சேர்ந்து, அது முடிந்தபின் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மணி நேரக் கணக்கில் படம் வெல்லும். ஆனால் கதவைத் திறந்தது எது என்று நிறுவனத்துக்குத் தெரியும். ஒரு பருவம் முடிவதற்குள் அடுத்த ரியாலிட்டியைத் தொடங்கிவிடுவதும், காதலைச் சோதிக்கும் நிகழ்ச்சி ஒன்றின் பகுதிகளை நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் கொட்டாமல் வாரத்துக்குச் சில என்று பிரித்து விடுவதும், தங்கை சொன்ன அந்த நிறுத்தும் வாரத்தைத் தள்ளிப்போடுவதற்காகத்தான்.

கேபிள்காரத் தம்பி கிரிக்கெட்டைச் சேர்த்தது சரியே. இருந்தாலும் விலையைப் பாருங்கள். கிரிக்கெட் ஏலத்தில் போகும். அடுத்த ஏலத்தில் கைமாறிவிடும். ரியாலிட்டி வடிவத்தின் உரிமையை அதைவிட மிகக் குறைந்த விலைக்குப் பெற்று, ஆண்டுதோறும் அதே அரங்கில் எடுக்கலாம்.

அரிசி ஆலை (புதுவயல்)

நீண்ட விவாதத்துக்கு இடையே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அமேசான் பிரைமில் 2021-இல் வந்த ஆங்கிலேயர் ஒருவரின் பண்ணை நிகழ்ச்சியை என் மகன் போட்டுக் காட்டினான். ஏறக்குறைய 1,000 ஏக்கர், பெரிய டிராக்டர், மழை, ஆட்டு மந்தை என்று ஓராண்டு பாடுபட்டு, மானியத்தைச் சேர்க்காமல் இறுதியில் கையில் நின்ற லாபம் 144 பவுண்டு என்று அவருடைய பண்ணை ஆலோசகர் சொல்லும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெல் வியாபாரத்தில் நாற்பது ஆண்டு இருக்கிறேன். எந்தப் படமும் அந்தக் கணக்கை அப்படிச் சொல்லவில்லை. அதற்காகவே சந்தாவைப் புதுப்பித்தேன். எழுதப்படாத நிகழ்ச்சி என்றால் சண்டை மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

படத்தொகுப்பாளர் (பள்ளத்தூர், இப்போது சென்னை)

இந்த வேலையில் பதினோரு ஆண்டு இருப்பதால், எழுதப்படாத நிகழ்ச்சி என்ற சொல்லையே முதலில் எடுத்துப் பார்க்க விரும்புகிறேன். எழுத்து இல்லை என்பதல்ல. எழுத்து படப்பிடிப்புக்கு முன்னால் நடக்காமல் பின்னால் நடக்கிறது. கேமராக்கள் ஓயாமல் பதிவு செய்வதை, எந்த நேரத்தில் யார் யாரிடம் என்ன பேசினார் என்று குறிப்பெடுக்க ஒரு குழு உட்கார்ந்திருக்கும். அந்தக் குறிப்புகளிலிருந்து இன்றைக்கு எந்த இருவரின் பூசல், எந்த ஒருவரின் அழுகை என்று ஒரு கதைக் கோடு பிடிப்பார்கள். 24 மணி நேரத்தை ஒரு மணி நேரமாக்கும்போது 23 மணி நேரம் வெளியே போகிறது. அந்த 23 மணி நேரத்தில் அவர் சமைத்ததும் சிரித்ததும் மன்னிப்புக் கேட்டதும் இருந்திருக்கலாம். காலையில் பார்த்த பார்வையை மாலையில் சொன்ன சொல்லுக்கு விடையாக வைத்து ஒட்டினால், நடக்காத கோபம் ஒன்று நடந்ததாகிவிடும். நானே ஒட்டியிருக்கிறேன். அதில் வில்லனாகத் தெரிந்த ஒரு பையனைப் பின்னாளில் வடபழனியில் ஒரு தேநீர்க் கடையில் பார்த்தேன். வணக்கம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

செலவு குறைவு என்று அண்ணன் எழுதினார். எங்கே குறைகிறது என்பதைச் சொல்ல வேண்டும். நடிகருக்கும் எழுத்தாளருக்கும் சங்கம் உண்டு, கூலி வரையறை உண்டு. அமெரிக்காவில் 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை எழுத்தாளர்களும், ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை நடிகர்களும் வேலை நிறுத்தம் செய்தபோது எழுதப்பட்ட தொடர்கள் நின்றன. ரியாலிட்டிப் படப்பிடிப்புகள் பெரும்பாலும் தொடர்ந்தன. சரக்கு தடையின்றி வரும் என்ற இந்த உறுதியும் நிறுவனங்கள் அதை நாடுவதற்கு ஒரு காரணம். அதில் பங்கேற்பவரைத் தொழிலாளர் என்று கொள்வதா என்பதே அங்கு வழக்காகியிருக்கிறது. 2024 டிசம்பரில் அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அலுவலகம் ஒன்று, நெட்ஃபிளிக்ஸில் வரும் ஒரு காதல் நிகழ்ச்சியின் போட்டியாளர்கள் தொழிலாளர்களே என்ற நிலை எடுத்துப் புகார் பதிந்தது. இங்கே எங்களைப் போன்ற தொகுப்பாளர்களுக்கும் நிலை பெரிதாக வேறில்லை. நான் வேலை செய்த ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் நாளைக்கு 16 மணி நேரம், மூன்று மாதம் கழித்துச் சம்பளம் என்று ஒரு பருவம் முழுவதும் ஓடியது.

இவ்வளவு சொல்லிவிட்டு, நல்லதையும் சொல்ல வேண்டும். பிரைம் வீடியோவில் 2021 ஆகஸ்டில் வந்த ‘எல்ஓஎல் எங்க சிரி பாப்போம்’ நிகழ்ச்சியும் ஜப்பானிய வடிவம்தான். மற்றவரைச் சிரிக்க வைக்க வேண்டும், தாம் சிரிக்கக் கூடாது என்ற விதியை வைத்து நம் நகைச்சுவைக் கலைஞர்களை ஓர் அறையில் விட்டார்கள். அதைத் தொகுத்து வழங்கி, அவ்வாண்டு ஏப்ரலில் மறைந்துவிட்ட விவேக் அவர்களை, வசனம் இல்லாமல், அவராகவே பேசிச் சிரிப்பவராக நான்கு மாதம் கழித்துப் பார்க்கக் கிடைத்தது அதில்தான். எழுதிய வசனம் அதைக் கொடுத்திருக்காது.

கொத்தமங்கலம் ஆச்சி

பிள்ளைகள் எழுதுவதை ஒரு வாரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு 68 வயது. நானும் பிக் பாஸ் பார்க்கிறவள். அதை ஏன் பார்க்கிறேன் என்று என் மருமகள் கேட்டாள். நான் வாக்கப்பட்டு வந்தபோது இந்த வளவில் பதினொரு புள்ளிகள் இருந்தன. யார் அடுப்பில் என்ன வேகிறது, யாருக்கு யார்மேல் வருத்தம், யார் முதலில் இறங்கி வந்து பேசினார் என்பதெல்லாம் தினமும் கண்முன் நடக்கும். இன்று இரண்டாங்கட்டில் நானும் வேலை செய்யும் பெண்ணும் மட்டும்தான். ஒரே கூரைக்குக் கீழே பலர் கூடி வாழ்வதை இரவில் ஒரு மணி நேரம் பார்க்கிறேன். அதற்குப் பணம் கட்டுவதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தம்பி சொன்ன 23 மணி நேரத்தைப் படித்த பிறகு, நேற்று ஒரு பெண்ணை அடங்காப்பிடாரி என்று வாய்விட்டுச் சொன்னதை நினைத்து வருந்தினேன்.

வேறொன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு வந்து எங்கள் வீட்டு முகப்பிலும் சமையல்கட்டிலும் இரண்டு நாள் படம் எடுத்தது. கவுனி அரிசியும் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் செய்து காட்டினேன். பணியாரம் ஏன் ஓரம் சிவக்காமல் வெள்ளையாக எழும்ப வேண்டும், மாவில் அரிசிக்கும் உளுந்துக்கும் என்ன அளவு, எண்ணெய் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று என் ஆயா சொல்லிக் கொடுத்ததை எல்லாம் சொன்னேன். கடைசியில் ஆங்கிலத்தில் நான்கு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு சால்வை போர்த்திவிட்டுப் போனார்கள். அது எந்தத் தளத்தில் வந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது வேறொரு குழு, தை மாதம் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறது. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும்?

படத்தொகுப்பாளர்

ஆச்சி, பெரும்பாலும் அதில் இருப்பது இதுதான். உங்கள் உருவம், குரல், சொன்ன செய்தி, வீட்டின் தோற்றம் ஆகியவற்றை உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், காலவரையறை இன்றிப் பயன்படுத்தலாம், வெட்டலாம், மாற்றலாம், வேறு நிறுவனத்துக்கு விற்கலாம், மேற்கொண்டு தொகை கேட்க முடியாது. வீட்டை இடமாகப் பயன்படுத்த அனுமதிப்பது தனிப் பத்திரம், நீங்கள் தோன்றுவதற்கு ஒப்புதல் தருவது தனிப் பத்திரம். இரண்டையும் ஒரே தாளில் சேர்த்திருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். திரைப்படப் படப்பிடிப்புக்கு வீடு கொடுக்கும்போது நம் ஊரில் நாள் வாடகை பேசாமல் யாரும் கதவைத் திறப்பதில்லை. ரியாலிட்டி என்றதும் அதை விருந்தாளி வருகையாக நினைத்துவிடுகிறோம். அவர்களுக்கு அது படப்பிடிப்புதான்.

கணக்கர் வீட்டுப் பேரன்

நான் பேரேட்டில் செலவு குறைவு என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன இடத்தில் ஆச்சியின் இரண்டு நாள் உழைப்பு இருந்திருக்கிறது. நட்ட பயம் இல்லாத சரக்கு என்று எழுதினேன். அந்த நட்டத்தை யாரோ ஒருவர் தம் பக்கம் ஏற்றுக்கொண்டதால்தான் நிறுவனத்தின் பக்கம் அது குறைந்திருக்கிறது. திருமணத்துக்கு இசைகுடிமானம் என்ற ஒப்பந்த ஓலை எழுதும் ஊர் இது. நடக்கப்போவதை எழுத்தில் வைப்பது நமக்குப் புதியதல்ல. தைக்கு முன் நானே நேரில் வருகிறேன், ஆச்சி.

கொத்தமங்கலம் ஆச்சி

வாப்பா. அதற்குள் நானும் அவர்களிடம் மூன்று செய்தி சொல்லி அனுப்பிவிட்டேன். தாளைத் தமிழில் தர வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று அதில் எழுத வேண்டும். என்னோடு நின்று மாவு அரைத்து, அடுப்பில் கை சுட்டுக்கொண்டு வேலை செய்யும் பெண்ணின் பெயரும் திரையில் வர வேண்டும், அவளுக்கு நாள் கூலி தனியாகத் தர வேண்டும். அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வந்தால் இங்கே எழுதுகிறேன்.